அப்பாவின் கனக புஷ்பராகத்தைத் தண்ணீரில் முக்கி எடை போட்டேன், 2.65 வருகிறது

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை):
எல்லாருக்கும் வணக்கம். சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம், கல் வியாபாரத்துக்கும் எனக்கும் சம்பந்தம் கிடையாது. அப்பா 20 வருஷத்துக்கு முன்னால் ஜோசியர் சொன்னார் என்று குருவுக்கு ஒரு மஞ்சள் கல் மோதிரம் வாங்கினார், கனக புஷ்பராகம் என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் கல்லைப் பிடித்திருந்த கம்பி தேய்ந்து கல் தனியாகக் கழன்று வந்துவிட்டது. திரும்பக் கட்டுவதற்கு முன்னால் இது என்ன கல் என்று தெரிந்துகொள்ளலாமே என்று தோன்றியது. எட்டாம் வகுப்பில் படித்த ஆர்க்கிமிடீஸ் ஞாபகம் வந்தது. பட்டறையில் மில்லிகிராம் வரை காட்டும் மில்லித் தராசு இருக்கிறது, அப்புறம் என்ன?

செய்த விதம் இதுதான். முதலில் கல்லைச் சும்மா எடை போட்டேன், 1.482 கிராம். எங்கள் தராசு 100 கிராம் வரைதான் தாங்கும், அதனால் எவர்சில்வர் டம்ளர் வேண்டாம் என்று இருமல் மருந்தோடு வரும் பிளாஸ்டிக் மூடியில் தண்ணீர் ஊற்றித் தராசு மேல் வைத்தேன். முடி போல மெல்லிய செம்புக் கம்பியில் ஒரு சின்னக் கூடு பின்னி, பக்கத்தில் அடுக்கிய புத்தகங்களின் மேல் ஒரு ஸ்கேலை நீட்டி வைத்து அதிலிருந்து தொங்கவிட்டேன். வெறும் கூடு தண்ணீரில் முங்கியிருக்கும்போதே டேர் பட்டனை அழுத்திப் பூஜ்யம் ஆக்கிவிட்டேன். அதன்பிறகு கல்லைக் கூட்டில் வைத்து, அடியிலும் படாமல் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கும்படி இறக்கினேன். தராசு காட்டியது 0.559. கல் எவ்வளவு தண்ணீரை ஒதுக்குகிறதோ அந்தத் தண்ணீரின் எடைதான் அது. 1.482-ஐ 0.559-ஆல் வகுத்தால் 2.65, அதாவது தண்ணீரைப் போல 2.65 மடங்கு அடர்த்தி. நான்கு தடவை செய்தேன், 2.64-க்கும் 2.66-க்கும் இடையில்தான் நிற்கிறது.

புஷ்பராகத்துக்கு எவ்வளவு வரவேண்டும்? ஒரு இடத்தில் 3.5 என்றும் இன்னொரு இடத்தில் 4 என்றும் போட்டிருக்கிறது. குழப்பமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுவாத்தியார்:
தம்பி, அளந்த விதம் ரொம்பச் சரி. கம்பியோடு டேர் போட்டீர்கள் பாருங்கள், அதைத்தான் பெரும்பாலானவர்கள் மறந்துவிடுவார்கள். நான் காலேஜில் ஜியாலஜி நடத்தியவன், இந்த ஒரு சோதனையை வருஷா வருஷம் பையன்களுக்குச் செய்து காட்டியிருக்கிறேன்.

உங்கள் குழப்பத்துக்குக் காரணம் பெயர். பள்ளிக்கூடப் புத்தகத்தில் புஷ்பராகம் என்றால் டோபாஸ், அதன் அடர்த்தி 3.5-க்குக் கொஞ்சம் மேல். ராசிக்கல் விற்பவர்கள் புஷ்பராகம் என்று சொல்வது மஞ்சள் சஃபையர், அதாவது மாணிக்கமும் நீலமும் சேர்ந்த அதே குருந்தம் ஜாதி, அடர்த்தி 4.00. இந்தக் குருந்தம் என்ற நம் தமிழ்ச் சொல்லிலிருந்துதான் கொரண்டம் என்ற பெயரே உலகத்துக்குப் போனது. உங்கள் கையில் இருப்பது இரண்டும் இல்லை. 2.65 என்பது ஸ்படிகத்தின் எண். ஸ்படிகம் மஞ்சளாக இருந்தால் சிட்ரின், ஊதாவாக இருந்தால் செவ்வந்திக்கல், நிறமே இல்லாவிட்டால் கழுத்தில் போடுகிற ஸ்படிக மாலை. நிறம் எதுவானாலும் எண் மாறாது.

கணக்காகப் பாருங்கள். அதே 1.482 கிராம் எடையில் மஞ்சள் சஃபையர் இருந்திருந்தால் தராசு 0.370 காட்டியிருக்கும், டோபாஸ் என்றால் 0.420. உங்களுக்கு வந்தது 0.559. இவ்வளவு பெரிய வித்தியாசம் கை தவறி வராது.

கொலுசுப்பட்டறை:
நன்றி சார். மனசு கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது. அப்பா அந்த மோதிரத்தை ஒரு நாளும் கழற்றியதில்லை. ரசீது இருக்கிறதா என்று தேடினேன், இருக்கிறது, அதில் 'ம.கல் 1' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள். கடைப்பெயரை இங்கே போட விரும்பவில்லை, அன்றைக்கு இருந்தவர்கள் யாரும் இப்போது அங்கே இல்லை.

கரூர்க்கல்:
பட்டறை அண்ணா, நாங்கள் மூன்று தலைமுறையாகக் கல் வேலை. காங்கேயம், கரூர் பக்கம் காட்டில் கிடைக்கும் கல்லையும் வாங்குவோம், தீட்டியும் கொடுப்போம். உங்கள் வேதனை புரிகிறது, ஆனால் 'ம.கல்' என்று எழுதியதை வைத்து இப்போது ஒன்றும் செய்ய முடியாது. இனிமேல் யார் கல் வாங்கினாலும் ஒன்று செய்யுங்கள், பில்லில் ராசிப் பெயரை எழுத விடாதீர்கள். இயற்கை மஞ்சள் சஃபையர், இத்தனை காரட், நிறம் கூட்டச் சூடு காட்டியதா இல்லையா என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள். நானே வியாபாரிதான், என் வாடிக்கையாளருக்கு அப்படித்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

இன்னொன்று. தீட்டுகிறவர்களுக்குக் கையில் போட்டுக் குலுக்கினாலே தெரியும். ஒரே அளவில் ஒரு கையில் ஸ்படிகம், இன்னொரு கையில் குருந்தம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஆனால் கோமேதகத்துக்கும் வைடூரியத்துக்கும் (3.6, 3.7) இடையில் கை சொல்லாது, அங்கே தராசுதான் பேசவேண்டும்.

ஏற்காடுகாபி:
இதைப் படித்துவிட்டு நானும் முயற்சி பண்ணினேன், எனக்கு ஒன்றுமே சரியாக வரவில்லை. ஆன்லைனில் வாங்கிய பாக்கெட் தராசு, 0.01 வரை காட்டும். பரீட்சைக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கல்லை எடுத்தேன், வீட்டில் அம்மாவின் அறுந்துபோன ஸ்படிக மாலையில் இருந்து ஒரு மணி. காற்றில் 0.84, தண்ணீரில் 0.35 காட்டுகிறது. வகுத்தால் 2.40. ஸ்படிகம் 2.65 என்கிறீர்கள். மாலையே போலியா?

ஓய்வுவாத்தியார்:
அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். மணியில் துளை இருக்கிறது இல்லையா, அந்தத் துளைக்குள் காற்று அடைத்துக்கொண்டிருக்கும். காற்றுக்குமிழியும் தண்ணீரை ஒதுக்கும், ஆனால் எடை கிடையாது. அதனால் தராசு கூடுதலாகக் காட்டும், அடர்த்தி குறைந்துவிடும். குமிழி எப்போதும் எண்ணைக் கீழே இழுக்குமே தவிர மேலே தூக்காது, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள், கரைந்திருக்கும் காற்று போய்விடும். ஆறிய பிறகு பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரே ஒரு சொட்டு விட்டுக் கலக்குங்கள், நுரை வரக்கூடாது. மணியை அந்தத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, சின்ன பெயிண்ட் பிரஷ்ஷால் தடவி, துளைக்குள் ஊசியை விட்டு எடுங்கள். குமிழி மேலே வருவது கண்ணுக்கே தெரியும். அப்புறம் அளங்கள். ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள்.

ஏற்காடுகாபி:
சார், ஊசியை விட்டதும் கடுகு அளவில் இரண்டு குமிழி பொத்தென்று மேலே வந்தது! இப்போது 0.32. வகுத்தால் 2.63. கை நடுங்கியது, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவங்க மாலையைத் திரும்பக் கோர்க்கக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

ஒரு சந்தேகம். இங்கே மேலே தண்ணீர் எப்போதும் சில்லென்று இருக்கும், சேலத்தில் மே மாதம் குழாயைத் திறந்தாலே சுடுகிறது. அதனால் மாறுமா? உயரம் 1500 மீட்டருக்கு மேல், எடையும் மாறுமே?

ஓய்வுவாத்தியார்:
உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், இரண்டு எடையும் ஒரே இடத்தில் போடுகிறோம், வகுக்கும்போது அது அடிபட்டுப் போய்விடும். தண்ணீரின் சூடு நிஜமாகவே கணக்கில் வரும், ஆனால் சொற்பம். 20 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி 0.998, 30 டிகிரியில் 0.996. ஸ்படிகத்தின் 2.65 என்பதில் மூன்றாவது இடத்தில்தான் அது கை வைக்கும். உங்கள் தராசில் வரும் பிழைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. உப்புக் கரித்த போர் தண்ணீரை மட்டும் தவிர்த்துவிடுங்கள், ஆர்ஓ தண்ணீர் போதும்.

நிஜமான பிழை தராசின் கடைசி இலக்கத்தில் இருக்கிறது. 0.01 தராசில் 1 கிராம் குருந்தம் 0.25 காட்டும். அது 0.24 என்றால் 4.17, 0.26 என்றால் 3.85. ஒரே கல், மூன்று பதில். எனவே அந்தத் தராசில் 1 கிராமுக்குக் கீழே, அதாவது 5 காரட்டுக்குக் கீழே உள்ள கல்லை அளந்து முடிவு சொல்லாதீர்கள்.

அம்மாபேட்டைஅக்கா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் மாமியாரின் எட்டுக்கல் பேசரி இருக்கிறது. வைரம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். இந்த முறையில் பார்க்க முடியுமா?

கரூர்க்கல்:
வேண்டாம் அக்கா. தங்கத்தில் கட்டிய கல்லை இப்படி அளக்கவே முடியாது, தங்கத்தின் அடர்த்தி 19-க்கு மேல், மொத்தமாகக் குழம்பிவிடும். கழற்றினாலும் பேசரிக் கல் ஒவ்வொன்றும் சின்னது. 10 சென்ட் (0.10 காரட்) வைரம் என்றால் 0.02 கிராம், அது ஒதுக்கும் தண்ணீர் 0.006 கிராம்கூட வராது. கழற்றுகிற சாக்கில் கல் உடைந்தால் யார் பொறுப்பு? வைரத்தைப் பார்க்கக் கடைகளில் சூடு பார்க்கிற பேனா மாதிரி டெஸ்டர் இருக்கிறது, கழற்றாமலே பார்க்கலாம். ஆனால் அது வைரம் போலவே இருக்கும் மாய்சனைட் என்ற கல்லையும் வைரம் என்று சொல்லிவிடும், அதனால் இரண்டையும் பிரித்துக் காட்டும் டெஸ்டர் இருக்கிறதா என்று கேட்டுப் போங்க.

கல் தனியாக, பெரிதாக இருந்தால் கதையே வேறு. அமெரிக்கன் டயமண்ட் என்று விற்கும் ஜிர்கோனியா 5.6-க்கு மேல் வரும், வைரம் 3.52, மாய்சனைட் 3.22. மூன்றும் தண்ணீரில் தனித்தனியாக நிற்கும்.

அம்மாபேட்டைஅக்கா:
சரிங்க, பேசரியைத் தொடவில்லை. ஆனால் அம்மா வீட்டுக் கம்மலில் இருந்து விழுந்த நீலக்கல் ஒன்று தனியாக டப்பாவில் இருக்கிறது. மகனின் தராசு 0.01. போட்டுப் பார்க்கிறேன்.

ஏற்காடுகாபி:
அதற்குள் நான் ஒன்று கேட்டுவிடுகிறேன். இதற்காகத்தான் இந்த இழையையே படிக்க ஆரம்பித்தேன். நாகலூர்ப் பக்கம் தோட்டத்தில் மிளகுக்கொடி வைக்கக் குழி எடுத்தபோது பாறைப்பொடியில் சிவப்பாக ஒரு கல் கிடைத்தது. சுண்டைக்காய் அளவு. வெயிலில் பிடித்தால் உள்ளே கருஞ்சிவப்பு. ஊரில் எல்லாரும் மாணிக்கம் என்கிறார்கள். காற்றில் 3.64, தண்ணீரில் 0.90. அதாவது 4.04! மாணிக்கம் 4.00 என்றீர்களே?

கொலுசுப்பட்டறை:
அண்ணா, படிக்கும்போதே எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

ஓய்வுவாத்தியார்:
தம்பி, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், உங்களுக்கு ஏமாற்றம் வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன். அடர்த்தி தடுமாறும் இடம் இதுதான். சிவப்புக் கல்லில் 4.00 என்றதும் மாணிக்கம் என்று சொல்லிவிட முடியாது, கார்னெட் என்று வேறொரு கல் ஜாதி இருக்கிறது, அதில் அல்மண்டைன் என்ற இரும்புச் சத்துள்ள சிவப்புக் கல்லும் 3.95-இலிருந்து 4.2 வரை வரும். சேர்வராயன் மலையின் பாறை சார்னகைட், அந்த மாதிரிப் பாறைகளில் கார்னெட் சாதாரணமாக இருக்கும். கிடைத்த இடத்தைப் பார்த்தால் என் மனது கார்னெட் பக்கம்தான் சாய்கிறது.

நம் பக்கத்தில் குருந்தமே இல்லை என்று சொல்லவில்லை, நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் அனார்தொசைட் பாறையில் குருந்தம் இருப்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ஆனால் அது வேறு பாறை.

வடிவத்தைப் பாருங்கள். குருந்தம் ஆறு பட்டையாக, நடு பருத்த பீப்பாய் மாதிரி இருக்கும். கார்னெட் பந்து போல உருண்டு, பல முகத்தோடு இருக்கும். அப்புறம் காந்தம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் பலமான காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம் போதாது. ஒரு துண்டு தெர்மாக்கோலைத் தண்ணீரில் மிதக்கவிட்டு அதன்மேல் கல்லை வையுங்கள். காந்தத்தைத் தொடாமல் கிட்டே கொண்டுபோங்கள். அல்மண்டைனில் இரும்பு இருப்பதால் மிதவை மெதுவாகக் காந்தத்தை நோக்கி வரும். சுத்தமான மாணிக்கம் அசையாது.

ஏற்காடுகாபி:
பந்து மாதிரிதான் இருக்கிறது. காந்தம் டவுனில் இருந்து தம்பி எடுத்து வரணும், ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்.

கரூர்க்கல்:
வாத்தியார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். சிவப்பு என்றால் மாணிக்கம் என்று நினைத்தது நாம் மட்டும் இல்லை. பிரிட்டிஷ் மகுடத்தின் முன்பக்கம் பெரிதாக இருக்கும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' உண்மையில் ஸ்பினல் என்ற வேறொரு கல்தான். ஸ்பினல் 3.60, மாணிக்கம் 4.00, தண்ணீரில் போட்டால் தனியாகத் தெரிந்திருக்கும்.

கருப்பூர்வெள்ளைக்கல்:
வணக்கம். எங்கள் ஊரே வெள்ளைக்கல்தான், மேக்னசைட் சுரங்கத்தில் வேலை பார்த்த குடும்பம். ஏன் எழுதுகிறேன் என்றால், போன வருஷம் ஒரு பொருட்காட்சியில் என் பொண்ணு பிரோசா மணி என்று நீல மாலை வாங்கினாள். தண்ணீரில் கழுவியதும் துண்டில் நீலம் ஒட்டியது. ஒரு மணி உடைந்தபோது உள்ளே வெள்ளை, எங்கள் ஊர்க் கல் மாதிரியே பீங்கான் போல. அது எங்கள் கல்லா?

ஓய்வுவாத்தியார்:
எந்த ஊர்க் கல் என்று சொல்ல முடியாது, ஆனால் மேக்னசைட்டுக்கு நீலச் சாயம் ஏற்றிப் பிரோசா என்று விற்பது உலகம் முழுக்க நடக்கிறது. அளந்து பாருங்கள். பிரோசா 2.6-இலிருந்து 2.9, நல்ல இறுகிய மேக்னசைட் 3.0 பக்கம். ஆனால் நுண்துளை உள்ள கல்லை அளக்கும்போது எண் ஒரே இடத்தில் நிற்காது, முக்கியவுடன் ஒன்று காட்டும், தண்ணீர் உள்ளே போகப் போகத் தராசு காட்டுவது இறங்கும், அதனால் அடர்த்தி ஏறிக்கொண்டே வரும். அது நின்ற பிறகு வரும் எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

இதைச் சொல்லும்போதே எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். உண்மையான பிரோசா, முத்து, பவளம், ஓபல் இவற்றைச் சோப்புத் தண்ணீரில் போடாதீர்கள், ஊறவும் விடாதீர்கள். மரகதத்தில் வெடிப்பை மறைக்க எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், அதற்குச் சுடுதண்ணீரும் சோப்பும் ஆகாது. இன்னொன்று, வீடியோவில் பார்த்துவிட்டு புரோமோஃபார்ம், மெத்திலீன் அயோடைடு வாங்கி வீட்டில் கல்லை மிதக்கவிட்டுப் பார்க்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். கிளெரிசிக் கரைசல் என்று ஒன்று, அதில் தாலியம் இருக்கிறது, தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் விஷம். தராசும் தண்ணீரும் போதும்.

கருப்பூர்வெள்ளைக்கல்:
2.97-இல் வந்து நின்றது சார். முதலில் 2.8 காட்டியது, ஐந்து நிமிஷத்தில் ஏறிவிட்டது. பொண்ணு அந்த மாலையை இனி வெள்ளைக்கல் மாலை என்றே சொல்லிக்கொள்கிறாள். பெருமையாக இருக்கிறது என்கிறாள், எனக்கும்தான்.

ஏற்காடுகாபி:
காந்தம் வந்தது. தெர்மாக்கோலைச் சோப்பு டப்பா மூடியில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டேன். முதலில் அசையவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டு இன்னும் கிட்டே கொண்டுபோனேன். மெதுவாக, ரொம்ப மெதுவாக, மிதவை திரும்பிக் காந்தத்தின் பக்கம் வந்தது. பின்னால் நகர்த்தினால் கூடவே வருகிறது. கார்னெட் சார். ஊர்க்காரர்களிடம் சொல்லிவிட்டேன், ஒருத்தர் நம்பவில்லை, அவருக்கும் செய்து காட்டினேன். கல்லை நான் விற்கப்போவதில்லை, எங்கள் மண்ணில் கிடைத்தது, வைத்துக்கொள்கிறேன்.

அம்மாபேட்டைஅக்கா:
நீலக்கல் காற்றில் 0.81, தண்ணீரில் 0.20. வகுத்தால் 4.05. ஆனால் 5 காரட்டுக்குக் கீழே நம்பாதீர்கள் என்றாரே சார். 0.22 என்றால் 3.68 ஆகிவிடுகிறது. எதை எடுத்துக்கொள்வது?

கொலுசுப்பட்டறை:
அக்கா, அம்மாபேட்டையில் இருந்து செவ்வாய்ப்பேட்டை எவ்வளவு தூரம், பட்டறைக்கே எடுத்து வாங்க. மில்லித் தராசில் போட்டுவிடலாம்.

கொலுசுப்பட்டறை:
அக்கா வந்தார்கள், மகனும் கூட வந்தான். ஃபேனை நிறுத்திவிட்டு மூன்று தடவை போட்டோம். காற்றில் 0.812, தண்ணீரில் 0.203. சரியாக 4.00. நீல ஸ்பினலாக இருந்தால் 0.226 வந்திருக்க வேண்டும், சாதாரணக் கண்ணாடி என்றால் அதைவிடக் கூட. நீலக்கல்தான். அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கரூர்க்கல்:
ரொம்ப சந்தோஷம். ஆனால் அக்காவிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆலையில் செய்த நீலக்கல்லும் அதே 4.00தான். இரண்டும் ஒரே பொருள், தண்ணீருக்கு வித்தியாசம் தெரியாது.

அம்மாபேட்டைஅக்கா:
இது எங்க பாட்டி காலத்துக் கம்மலாச்சே. அந்தக் காலத்தில் செயற்கைக் கல் இருந்திருக்குமா?

ஓய்வுவாத்தியார்:
இருந்ததும்மா. வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் நெருப்பில் உருக்கி மாணிக்கம் செய்யும் முறையை 1902-இலேயே வெளியிட்டுவிட்டார், நீலமும் கொஞ்ச வருஷத்தில் வந்துவிட்டது. பழைய நகை என்பதற்காக மட்டும் இயற்கைக் கல் ஆகிவிடாது. பத்து மடங்கு லென்ஸில், கல்லை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். நிறக் கோடுகள் நேராக, மூலை மூலையாகத் திரும்பினால் நல்ல அறிகுறி. பழைய கிராமபோன் தட்டில் இருப்பது போல வளைந்து வளைந்து போனால் உருக்கிச் செய்தது. கோடே தெரியாவிட்டால் நாம் யாரும் சொல்லக்கூடாது, பரிசோதனைக் கூடத்துக்குத்தான் அனுப்பவேண்டும்.

அம்மாபேட்டைஅக்கா:
மகன் லென்ஸில் பார்த்தான், நானும் பார்த்தேன். ஓரத்தில் இரண்டு கோடு, நேராகத்தான் தெரிகிறது, ஒரு இடத்தில் மடங்குகிறது. கண் பிழையாகவும் இருக்கலாம். அடுத்த வாரம் கூடத்துக்கு அனுப்புகிறேன், சான்றிதழ் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

கொலுசுப்பட்டறை:
அனுப்புங்க அக்கா. அப்பாவிடம் நேற்று சொன்னேன். சிட்ரின் என்றால் என்ன என்று கேட்டார், மஞ்சள் ஸ்படிகம் என்றேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, அதையே திரும்பக் கட்டித் தரச் சொன்னார். இந்தத் தடவை கம்பியை நானே கனமாக வைத்துக் கட்டுகிறேன்.

யாரிடமாவது கழன்ற கல் இருந்தால் ஞாயிறு காலை 11 மணிக்குப் பட்டறைக்கு எடுத்து வாங்க. தராசு இருக்கிறது, ஆறிய தண்ணீர் இருக்கிறது. நகையோடு கொண்டுவராதீர்கள்.